ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் லீனியர் ஈபஸ் வாங்குங்கள்

புதிதாக ப்ராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) பிரிவு தொடங்கப்போகிற இளம் நெஞ்சுநோய் மருத்துவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ரோபோவைப் பற்றி. அடுத்து க்ரையோ (உறையவைத்துத் திசு எடுக்கும் கருவி), அப்புறம் வால்வு. நான் சொல்கிற பதில் வருடக்கணக்காக மாறவில்லை. முதலில் லீனியர் ஈபஸ் ஸ்கோப், அதாவது மூச்சுக்குழாய்க்குள் போய் அல்ட்ராசவுண்டு படம் பார்த்துக்கொண்டே ஊசி போட்டுத் திசு எடுக்கும் கருவி, வாங்குங்கள், அதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நுரையீரலுக்குள் கருவி விட்டுச் செய்யும் சோதனைகளும் சிகிச்சைகளும்தான் என் தொழில், இந்தத் துறைக்கு வந்த கருவிகளில் பெரும்பாலானவற்றைக் கையில் பிடித்து வேலை செய்திருக்கிறேன், அதை வைத்துத்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. சந்தையில் இருக்கும் நல்ல மாடல்கள் எல்லாம் அடிப்படையில் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன, கீழே வரும் நிறையும் குறையும் அந்த வகைக்கே பொதுவானவை.

மருத்துவர் அல்லாதவர்களும் படிப்பீர்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இரண்டு நுரையீரலுக்கும் நடுவே இதயம், பெருந்தமனி, உணவுக்குழாய், மூச்சுக்குழாய் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிற இடத்தில்தான் நெஞ்சின் நெறிக்கட்டிகளும் இருக்கின்றன. கழுத்தில் கட்டி வந்தால் கையால் தொட்டுப் பார்க்கலாம், ஊசி போட்டு உறிஞ்சி எடுக்கலாம். இங்கே கை எட்டாது. சிடி ஸ்கேனில் கட்டி வீங்கியிருப்பது தெரியும், ஏன் வீங்கியது என்பது தெரியாது. புற்றுநோய் பரவியதாக இருக்கலாம், டிபியாக இருக்கலாம், சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய், லிம்ஃபோமா என்ற நெறிக்கட்டிப் புற்றுநோய், அல்லது என்றோ வந்துபோன தொற்றின் மிச்சமாகக்கூட இருக்கலாம். பெட் ஸ்கேன் எடுத்தால் தெளிவாகிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், ஆனால் டிபி கட்டியும் அதில் புற்றுநோய்க் கட்டி மாதிரியே பளிச்சென்று ஒளிரும். திசுவை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஈபஸ் ஸ்கோப்பின் நுனியில் ஒரு சின்ன அல்ட்ராசவுண்டு தலை இருக்கிறது. சாதாரண ப்ராங்கோஸ்கோப் மூச்சுக்குழாயின் உள்பக்கத்தை மட்டும்தான் காட்டும், இது சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதையும் காட்டுகிறது. படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது பக்கவாட்டில் ஊசி வெளியே வந்து சுவரைத் துளைத்துக் கட்டிக்குள் போகும். ஊசி போகிற பாதை முழுவதும் திரையில் வெள்ளைக் கோடாகத் தெரியும். இதன் மொத்தச் சிறப்பும் அந்தக் கோடுதான்.

இது வருவதற்கு முன் என்ன செய்தோம் என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். குஸ்தாவ் கில்லியன் 1897-ல் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் சிக்கிய பன்றி எலும்பை நேரான உலோகக் குழாய் வழியாக எடுத்தார், இந்தத் துறை அங்கேதான் தொடங்குகிறது. வளையக்கூடிய ஃபைபர் ஸ்கோப்பை ஜப்பானின் ஷிகேட்டோ இகேடா 1966-ல் அறிமுகப்படுத்தினார். இரண்டுமே பெரிய பாய்ச்சல்தான், ஆனால் இரண்டுமே குழாய்க்குள் இருப்பதை மட்டுமே காட்டின. வெளியே இருக்கும் கட்டியில் திசு எடுக்க வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று, 1959-ல் ஸ்வீடனின் கார்லென்ஸ் விவரித்த மீடியாஸ்டினோஸ்கோப்பி: முழு மயக்கம் கொடுத்து, மார்பெலும்புக்கு மேலே கழுத்தடியில் கீறி, குழாய் விட்டுப் பார்ப்பது. இன்னொன்று, சிடி படத்தை மனதில் வைத்துக்கொண்டு ப்ராங்கோஸ்கோப் வழியாகக் குருட்டாம்போக்கில் ஊசி குத்துவது. கோ-பென் வாங் இதை வளைகிற ஸ்கோப்பில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார், அவர் கையில் அது அருமையாக வேலை செய்தது. மற்றவர்கள் பலர் கைவிட்டார்கள். பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் பார்க்காமல் குத்த எத்தனை பேருக்கு மனசு வரும்?

2004-ல் சிபா பல்கலைக்கழகத்தின் கசுஹிரோ யசுஃபுகுவும் அவருடைய குழுவும், கண்ணால் பார்த்துக்கொண்டே ஊசி போடும் இந்த முறையின் முடிவுகளை வெளியிட்டார்கள். அதன்பின் சில வருடங்களிலேயே எங்கள் வேலையின் முகம் மாறிப்போனது. 2010-ல் வந்த ஆஸ்டர் ஆய்வு எனக்கு முக்கியமானது. நுரையீரல் புற்றுநோயில் கட்டி நெஞ்சின் நடுப்பகுதிக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க, நேரடியாக அறுவை முறையில் போனால் 79 சதவீதம் கண்டுபிடித்தார்கள். மூச்சுக்குழாய், உணவுக்குழாய் இரண்டின் வழியாகவும் அல்ட்ராசவுண்டு வைத்து முதலில் பார்த்து, அதில் ஒன்றும் கிடைக்காதவர்களுக்கு மட்டும் அறுவை என்று போனபோது 94 சதவீதம். பயனில்லாமல் நெஞ்சைத் திறந்த அறுவை சிகிச்சைகள் 18 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தன. இதில் என்னை அதிகம் தொட்டது கடைசியாகச் சொன்ன எண். நெஞ்சைத் திறந்து பார்த்தபின் "இது அறுவை செய்ய வேண்டிய கட்டமே இல்லை" என்று தெரிய வருவது நோயாளிக்கும் குடும்பத்துக்கும் எவ்வளவு பெரிய அடி என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, பயன்படுத்த எப்படி இருக்கிறது?

முதல் சிரமம் குரல்நாணிலேயே வந்துவிடும். லென்ஸ் நேராகப் பார்க்காது, சாய்வாகத்தான் பார்க்கும். அல்ட்ராசவுண்டு தலை முன்னால் துருத்திக்கொண்டிருப்பதால் இதைத் தவிர்க்க வழியில்லை. சாதாரண ஸ்கோப்பில் பழகியவர்கள் குரல்நாணின் நடுவை திரையின் நடுவில் வைத்துக்கொண்டு தள்ளுவார்கள், ஸ்கோப் பின்பக்கம் இடித்துக்கொண்டு நிற்கும், நோயாளி இருமித் தீர்த்துவிடுவார். திரையில் குரல்நாணின் முன்முனை மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு மெதுவாக இறக்கினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே நேராக நடக்கப் பழகுகிற மாதிரி, கொஞ்ச நாளில் கை தானாகக் கற்றுக்கொள்ளும். நுனி கிட்டத்தட்ட 7 மி.மீ. தடிமன், அதனால் பெரும்பாலும் வாய் வழியாகத்தான் போக வேண்டும். கடித்துக்கொள்ள ஒரு வளையம், தொண்டை மரக்க லிக்னோகெய்ன், லேசான தூக்கத்துக்கு மிடாசோலமும் ஃபெண்டனிலும். எங்கள் சிஸ்டர் நோயாளியின் தோளில் கையை வைத்துக்கொண்டு, "அம்மா, மூச்சு நல்லா விடுங்க, நான் இங்கேயேதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தக் குரல் கேட்கிற நாட்களில் மயக்க மருந்து குறைவாகவே தேவைப்படுகிறது என்பது என் உறுதியான நம்பிக்கை.

உள்ளே போனபின் கட்டியைத் தேடுவது தனிக் கலை. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள நெறிக்கட்டிகளுக்கு எண் போட்ட வரைபடம் இருக்கிறது. 7 என்பது குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்துக்குக் கீழே இருப்பது, தொடங்குகிறவர்கள் அதில்தான் தொடங்க வேண்டும், பெரியது, எளிதாகக் கிடைக்கும். 4 ஆர் வலப்பக்கம், அதுவும் பரவாயில்லை. 4 எல் என்று இடப்பக்கம் ஒன்று இருக்கிறது பாருங்கள், அதுதான் கையைச் சோதிக்கும். திரையில் ஒருபக்கம் பெருந்தமனி துடிக்கும், மறுபக்கம் நுரையீரல் தமனி துடிக்கும், இரண்டுக்கும் நடுவில் அந்தக் கட்டி. டாப்ளர் பொத்தானை அழுத்தினால் ரத்தம் ஓடுகிற இடமெல்லாம் நிறம் ஏறும், கட்டி மட்டும் சாம்பலாகவே இருக்கும். ஊசியின் உறை திரையின் ஓரத்தில் துளி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், குருத்தெலும்பு வளையங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய சுவரைக் கண்டுபிடிக்க வேண்டும், நுனியை மேலே மடக்கிச் சுவரோடு அழுத்த வேண்டும், அப்புறம் தயங்காமல் ஒரே குத்து. தயங்கினால் ஊசி வளையத்தில் மோதி, ஸ்கோப்பே பின்னால் தள்ளப்படும். கட்டிக்குள் போனபின் உள்கம்பியை ஒருமுறை ஆட்டினால் வழியில் ஒட்டிய மூச்சுக்குழாய்ச் செல்கள் வெளியே போகும், பிறகு அதை உருவிவிட்டு, உறிஞ்சும் சிரிஞ்சை மாட்டி, கட்டிக்குள்ளேயே பத்து பதினைந்து முறை முன்னும் பின்னும். இத்தனையும் அந்தத் துடிப்புகளுக்கு நடுவில். நன்றாகப் பழகிய கைக்கும் இந்த இடத்தில் ஒரு பயபக்தி இருக்க வேண்டும், எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

புற்றுநோய் ஸ்டேஜிங், அதாவது நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று கணிப்பது என்றால் வரிசை முக்கியம். கட்டிக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் நெறிக்கட்டிகளில் தொடங்கி, நடுப்பகுதிக்கு வந்து, கடைசியில்தான் கட்டி இருக்கும் பக்கத்துக்குப் போக வேண்டும். தலைகீழாகச் செய்தால் ஊசியில் ஒட்டிய புற்றுச்செல் அடுத்த மாதிரியில் கலந்து, அறுவை செய்யக்கூடியவரையும் செய்ய முடியாதவர் என்று காட்டிவிடும். பெரிதாக வீங்கிய ஒரே ஒரு கட்டியைக் குத்திவிட்டு வெளியே வருவதை ஸ்டேஜிங் என்று அழைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது எனக்குச் சம்மதமில்லை. எண் போட்ட எல்லா இடங்களையும் வரிசையாகப் பாருங்கள், எவ்வளவு பெரியது என்று அளந்து எழுதுங்கள், அதற்கு ஆகிற நேரம் வீணாகாது.

இந்தக் கருவியில் எனக்கு மிகப் பெரிய நிறைவு தந்தது புற்றுநோய்கூட அல்ல, டிபிதான். எடை குறைந்து, இருமலோடு, ஸ்கேன் அறிக்கையில் "பரவிய புற்றுநோயாக இருக்கலாம்" என்ற வரியைப் படித்துவிட்டு, குடும்பமே முகம் செத்துப்போய் வருவார்கள். ஊசியில் வெள்ளையாக, தயிர்த்தண்ணி மாதிரி ஒன்று வரும். ஸ்லைடைச் சாயமேற்றிப் பக்கத்து மேஜையிலேயே பார்க்கும் பேதாலஜி மருத்துவர் கண்ணை எடுக்காமலே "கிரானுலோமா" என்பார், டிபியில் வழக்கமாகக் காணும் செல் திரள் அது. அதே மாதிரியை எக்ஸ்பர்ட் சோதனைக்கு அனுப்பினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் டிபி கிருமி இருக்கிறதா, டிபியின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்பது வரைக்கும் தெரிந்துவிடும். எல்லா டிபி கட்டியிலும் கிருமி பிடிபடாது, அதனால் கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கட்டாயம் அனுப்ப வேண்டும். ஆனால் பிடிபட்ட அன்று, வெளியே காத்திருக்கும் மகனிடம் போய் "அப்பாவுக்கு வந்திருப்பது மருந்தில் குணமாகிற நோய்" என்று சொல்ல முடிகிறது. இந்த வாக்கியத்தைச் சொல்லக் கிடைப்பதற்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம்.

புற்றுநோய் என்று வந்தாலும் இன்று கதை அதோடு முடிவதில்லை. ஊசியில் கிடைக்கும் திசுவை மெழுகில் பதித்து, ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே, பிடி-எல்1 என்று சோதனைகள் போகின்றன, எந்த மருந்து கொடுப்பது என்பதையே அவைதான் தீர்மானிக்கின்றன. அதனால் "செல் கிடைத்துவிட்டது, போதும்" என்று நிறுத்தாமல் இன்னும் இரண்டு முறை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். ஸ்லைடை உடனே பார்க்கும் வசதி இல்லாத இடங்களில் ஒரு கட்டிக்குக் குறைந்தது மூன்று முறையாவது என்பது வழிகாட்டுதல்களே சொல்வது.

இனி குறைகள். மறைக்காமல் சொல்கிறேன்.

ஊசிக் குழாய் இந்த ஸ்கோப்பின் பலவீனமான இடம். ஊசியை உறைக்குள் முழுவதும் இழுத்துப் பூட்டாமல் உருவினால், அல்லது ஸ்கோப்பின் நுனி மடங்கியிருக்கும்போது ஊசியை உள்ளே திணித்தால், குழாயின் உள்சுவர் கிழியும். ஒரு சின்னக் கிழிசல் போதும், திரவம் உள்ளே புகுந்து மொத்த ஸ்கோப்பும் பழுதுக்குப் போய்விடும், வாரக்கணக்கில் திரும்பி வராது. பூட்டு "க்ளிக்" என்று விழும் சத்தத்தைக் காதால் கேட்காமல் யாரையும் ஊசியை உருவ விடுவதில்லை. சுத்தம் செய்வதும் எளிதல்ல. ஒவ்வொரு முறையும் கசிவுச் சோதனை, பிரஷ் விட்டு ஒவ்வொரு வழியையும் தேய்ப்பது, கிருமிநீக்கி, அப்புறம் நன்றாக உலர்த்துவது. உலர்த்துவதில்தான் பெரும்பாலும் அவசரப்படுகிறார்கள், ஈரத்தோடு அலமாரியில் தொங்கும் ஸ்கோப் அடுத்த நோயாளிக்கு ஆபத்து. இதைச் செய்யும் டெக்னீசியனுக்குத் தனியாகப் பயிற்சியும் நேரமும் கொடுக்காத இடத்தில் இந்தக் கருவி இருக்கவே கூடாது.

கேமரா படம் சாதாரண வீடியோ ஸ்கோப் அளவுக்குத் தெளிவில்லை. அதனால் மூச்சுக்குழாயை முழுதாக ஆராய முதலில் சாதாரண ஸ்கோப்பும் விட வேண்டியிருக்கும். லிம்ஃபோமாவில் இதை முழுசாக நம்ப வேண்டாம். ஊசியில் வரும் செல்கள் பல நேரம் வகை பிரிக்கப் போதாது, செல்களை வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனைக்கும் சேர்த்து அனுப்பினால் உதவும், ஆனால் "ஒன்றுமில்லை" என்று வந்தால் அதோடு விட்டுவிடாமல் அடுத்த பயாப்சிக்குப் போக வேண்டும். பெருந்தமனிக்கு அந்தப்பக்கம் இருக்கும் 5, 6 எண் கட்டிகள் வழக்கமான முறையில் எட்டாது. ஆனால் அதே ஸ்கோப்பை உணவுக்குழாயில் இறக்கினால் கீழே இருக்கும் 8, 9 எண் கட்டிகளும் கிடைக்கும், இருமலும் இல்லை, மூச்சு முட்டுகிறவர்களுக்கு அது பெரிய வரம். இந்த வழியை நம்மில் பலர் பயன்படுத்தாமலே விடுகிறோம்.

மற்ற கருவிகளோடு ஒப்பிட்டால்? நேர்க்குழாய், அதாவது ரிஜிட் ஸ்கோப், கில்லியன் காலத்துச் சரக்கு என்று ஒதுக்காதீர்கள். மூச்சுக்குழாயை அடைத்த கட்டியை அகற்றவும், குழாயைத் திறந்து வைக்கும் டுமோன் சிலிக்கான் ஸ்டென்ட் வைக்கவும், ரத்தம் கொட்டும்போது உயிரைக் காக்கவும் அதுதான். எனக்கு இரண்டாவது இடம் அதற்கு. நுரையீரலின் காற்றறைகள் சிதைந்து காற்று தேங்கும் எம்ஃபிசீமாவுக்கு வைக்கும் ஒருவழி வால்வு நல்ல சிகிச்சை, ஆனால் ஆளைத் தேர்ந்தெடுத்துத்தான் வைக்க வேண்டும், மடல்களுக்கு இடையே காற்று கசிந்தால் பயன் இல்லை. 2018-ல் வந்த லிபரேட் ஆய்வில் முதல் 45 நாட்களில் நான்கில் ஒருவருக்கும் சற்று மேலானவர்களுக்கு நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்தது, அதைச் சமாளிக்க வார்டு முழுக்கத் தயாராக இருக்க வேண்டும். ஆஸ்துமாவுக்கு வெப்பம் கொடுக்கும் தெர்மோபிளாஸ்டிக்கு 2010-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது இருந்த பரபரப்பு நினைவிருக்கிறது. உயிரியல் மருந்துகள் வந்தபின் அதைக் கேட்கிறவர்களே அரிதாகிவிட்டார்கள். ரோபோ, நுரையீரலின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கட்டிகளைத் தேடிப் போவதற்கு அருமையான கருவி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ரோபோவால் ஓரத்துக் கட்டியை எடுத்த அதே நோயாளிக்கு, நடுவில் பரவியிருக்கிறதா என்று பார்க்க ஈபஸ்தான் வேண்டும்.

ஈபஸுக்குச் சமமாக என் மனதில் நிற்பது ஒன்றே ஒன்று, அதுவும் மிக எளியது: மார்புறைக்குள் (நுரையீரலைச் சுற்றிய உறை) நிரந்தரமாக வைக்கும் மெல்லிய வடிகுழாய். புற்றுநோயால் திரும்பத் திரும்ப நீர் சேருகிறவர் வீட்டிலேயே வடித்துக்கொள்ளலாம், ஆஸ்பத்திரி வாசம் குறைகிறது. நீர் சேராமல் இருக்க டால்க் பொடி போட்டு அந்த உறையை ஒட்டவைப்பதற்குச் சமமாகவே மூச்சுத்திணறல் தணிகிறது என்று 2012-ன் டைம்2 ஆய்வு காட்டியது. பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம் என்பதால் இதை நான் வாங்கும் பட்டியலில் சேர்க்கவில்லை, அது எல்லாப் பிரிவிலும் இருந்தே ஆக வேண்டியது.

ஈபஸ் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். முடிந்தபின் தொண்டை மரப்பு தெளியும்வரை எதுவும் குடிக்காதீர்கள், புரையேறும். ஓரிரு நாள் சளியில் ரத்தக் கீற்று, தொண்டை கரகரப்பு, லேசான காய்ச்சல் வரலாம். காய்ச்சல் ஏறிக்கொண்டே போனாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, ரத்தம் கூடினாலோ காத்திருக்காமல் போங்கள். செய்யப்போகும் மருத்துவரிடம் "எந்தெந்த இடத்தில் எடுப்பீர்கள், ஸ்லைடை அங்கேயே யாராவது பார்ப்பார்களா" என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்ல மருத்துவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

வாங்கப்போகிறவர்களுக்கு: விற்பவரிடம் திரையின் அளவைப் பற்றி அதிகம் பேசாதீர்கள். ஸ்கோப் பழுதானால் மாற்று ஸ்கோப் எத்தனை நாளில் வரும் என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள். ஊசிகள் அந்தக் கம்பெனியுடையதுதான் பொருந்துமா, வேறும் பொருந்துமா என்று கேளுங்கள். அதற்கும் முன்னால் உங்கள் ஆஸ்பத்திரியின் பேதாலஜி மருத்துவரிடம் போய் உட்காருங்கள். ஊசியில் வந்த செல்களைப் படிக்க அவருக்கு விருப்பமும் நேரமும் இருக்கிறதா, முதல் சில மாதங்கள் ப்ராங்கோஸ்கோப்பி அறைக்கே வந்து நிற்பாரா என்று பேசிவிட்டு, அவர் சரி என்றபின் ஆர்டர் போடுங்கள்.